எழுத்து தமிழ், வாக்கியம் இங்கிலீஷ்

குளத்தூர் தாலூகாவுக்குத் தலைமை ஸ்தலம் கீரனூர். பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் முன்பு அங்கேதான் சென்றாக வேண்டியிருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ம் வருஷம் மார்ச்சு 3-ந் தேதி இந்திய யூனியனுடன் இணைந்தது. 1956-ல் தமிழை ஆட்சி மொழியாக்கிச் சட்டம் செய்யப்பட்டது. ஆகவே கீரனூர்ப் பக்கத்துக் குடியானவனுக்குச் சர்க்கார் கடிதம் அவனுடைய பாஷையிலேயே வருகிறது. வந்தும், எழுத்தறிந்த அவன் அதன் பொருளைக் கேட்க இன்னொருவரைத் தேடிப் போகிறானென்றால், குற்றம் யாருடையது? எழுத்து தமிழாகவும் வாக்கியம் இங்கிலீஷாகவும் இருப்பதே குற்றம் என்போம்.

“தாங்கள் இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்” என்கிறது கடிதம். கேட்பவர் யார்? “தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது” என்கிறது மற்றொன்று. பரிசீலிப்பவர் யார்? முடிவு என்றைக்கு? ஆளை மறைக்கும் இந்த நடை இங்கிலீஷ் கச்சேரிகளிலிருந்து வந்தது. ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட குடியரசில் அதற்கு என்ன வேலை?

சொற்றொடர்களைப் பெயர்ப்பதில் நேரும் கேடு இதனினும் பெரிது. சமரசம் பேசும் வக்கீல் கடிதங்களில் “வித்தவுட் பிரெஜுடிஸ்” என்று தலைப்பிடுவார்கள். அகராதியைப் புரட்டி அதைத் “துவேஷமின்றி” என்று எழுதினால் அர்த்தமே போயிற்று. இக்கடிதத்தில் நான் விட்டுக்கொடுத்துச் சொல்வதை எனக்கு விரோதமான சாட்சியமாகக் கோர்ட்டில் காட்டலாகாது என்பதே அதன் கருத்து. “உரிமைக்குப் பாதகமின்றி” என்றால் ஓரளவு விளங்கும். “குட் ஆபீசஸ்” என்பது நல்ல ஆபீசுகள் அல்ல. இரு கட்சிக்காரருக்கும் நடுவே நின்று செய்யும் உதவி. “டூ தி நீட்புல்” என்பதை “ஆவன செய்க” என்கிறோம். தமிழ் நல்ல தமிழே. ஆனால் செய்ய வேண்டியது இன்னதென்று சொல்லாதவரை அது வெறும் ஓசை.

இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் இடறியதுண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை “டேபிள்” செய்ய விரும்பினர். உடனே விவாதத்துக்கு எடுப்பதென்பது அவர்கள் கருத்து. அமெரிக்கருக்கோ அச்சொல்லின் பொருள் கிடப்பில் போடுவது! நெடுநேரம் வாதாடிய பிறகே இரு சாராரும் கோரியது ஒன்றேயென்று தெரிந்ததாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். அவர்கள் கதியே அதுவானால், அகராதியை மட்டும் நம்பிப் பெயர்க்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

நம்மவரில் வழிகாட்டி இல்லாமலில்லை. 1904-ல் “சுதேசமித்திர”னில் சேர்ந்து இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்கிய பாரதியார், “மெம்பர்” என்னும் ஒரு சொல்லுக்காக அவயவி, சபிகன் என்று பல பதங்களை நிறுத்துப் பார்த்தார். எதிலும் திருப்தியுறாமல் “மெம்பர்” என்றே எழுதிவிட்டார். வாசகனுக்கு விளங்க வேண்டுமென்ற கவலையே அவருக்குப் பெரிதாயிருந்தது.

உத்தியோக விஷயங்களைச் சொல்லத் தமிழுக்கு வலுவில்லை என்பாரும் உளர். அவர்கள் சோழர் காலத்து நிலதானக் கல்வெட்டுக்களைப் பார்க்கட்டும். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நான்கு எல்லையும், நிலத்தின் அளவும், வரியும் ஐயத்துக்கிடமின்றி அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. கீரனூருக்கு அண்மையிலுள்ள நார்த்தாமலையிலும் பழைய தமிழ்க் கல்வெட்டுக்கள் உண்டு.

ஆதலால் கடிதமோ மனுவோ எழுதுவோர் நான்கு விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ் தொடரின் கருத்தை முதலில் நிச்சயித்துக்கொண்டு, பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டுத் தமிழில் எழுதுக. செய்பவர் யார், செய்ய வேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள் என்பதை வெளிப்படையாகச் சொல்லுக. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயமே இருக்கட்டும். எழுதி முடித்ததைக் கச்சேரி வழக்கம் அறியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் திகைக்கும் இடத்தைத் திருத்துக.

ஜனங்களுக்காக மனு எழுதும் தேச ஊழியர்களே இதை முதலில் அநுஷ்டிக்க வேண்டும். மனு தெளிவானால் மழுப்பிப் பதில் சொல்வது கஷ்டமாகும். தன் நிலத்தைப் பற்றிய காகிதத்தைத் தானே வாசித்து, விளங்கிக்கொண்டு கையெழுத்திடும் குடியானவனை ஏமாற்றுவது எளிதல்ல. ஆட்சி மொழிச் சட்டத்தின் பலனும் அன்றுதான் அவனுக்குக் கிட்டும்.