பெயர்ச் சீட்டை எழுதுவது யார்?

உப்பும் வெள்ளை. சர்க்கரையும் வெள்ளை. இரண்டும் அடுப்படியில் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன. எது உப்பு, எது சர்க்கரை என்று வீட்டு அம்மாவுக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்குத் தெரியாது. காப்பியில் உப்பை அள்ளிப் போட்டுவிடுவார்!

டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இணையப் பக்கங்களுக்கும் இப்படிச் சீட்டு ஒட்டுகிறார்கள். சீட்டில் என்ன எழுதுவது? அதை யார் முடிவு செய்வது? 20 ஆண்டுகளுக்கு மேலாக இதில் ஓர் இழுபறி நடந்து வருகிறது. அதன் பலன் நம் வீட்டுச் செல்போன் வரை வருகிறது.

நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது

ஒரு திருமண மண்டபத்தின் இணையப் பக்கத்தில், "மேலாளர் மு. கண்ணன், மேலமாசி வீதி, மதுரை" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். படித்ததும் நமக்குப் புரிகிறது. கண்ணன் என்பது ஆள். மேலமாசி வீதி என்பது தெரு. மதுரை என்பது ஊர். கம்ப்யூட்டருக்கோ அவ்வளவும் வெறும் எழுத்து!

இணையப் பக்கங்களுக்கு 1989-ல் திட்டம் தீட்டியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர். அப்போது அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள 'செர்ன்' ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அவர் வகுத்த முறையில், "இது தலைப்பு", "இது பத்தி", "இது இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழி" என்று சொல்லக் குறிகள் உண்டு. "இது ஆள் பெயர்", "இது ஊர்" என்று சொல்லக் குறி இல்லை.

பெரிய திட்டம், சின்னத் திட்டம்

இந்தக் குறையைத் தீர்க்க முதலில் ஒரு பெரிய திட்டம் வந்தது. இணையத்துக்கு விதி வகுக்கும் சபை, 1999-ல் 'ஆர்.டி.எப்.' என்ற முறையை ஏற்றுக்கொண்டது. உலகத்தில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் அதில் குறித்து வைக்கலாம். ஆனால், சாதாரணமாகப் பக்கம் தயாரிப்பவர்களுக்கு அது கடினமாக இருந்தது.

2005 ஜூன் மாதம் சின்னத் திட்டம் பிறந்தது. அதன் பெயர் 'மைக்ரோபார்மட்'. டான்டெக் செலிக் முதலிய சிலர் இதைத் தொடங்கினார்கள். பக்கம் தயாரிக்கும் எவரும் வந்து யோசனை சொல்லலாம்.

அவர்களுடைய கொள்கை எளிது. முதலில் மனிதன், பிறகுதான் எந்திரம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மக்கள் ஏற்கனவே எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒற்றையடிப் பாதை விழுந்த இடத்திலேயே ரோடு போட வேண்டும்!

முகவரிச் சீட்டு வைத்துக்கொள்ள 'வி-கார்ட்' என்ற முறை கம்ப்யூட்டர்களில் முன்பே இருந்தது. அதையே எடுத்து, இணையப் பக்கத்துக்கு 'எச்-கார்ட்' என்று ஆக்கினார்கள். பக்கத்தைப் படிப்பவர் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால், உள்ளே "இது பெயர்", "இது தெரு", "இது ஊர்" என்று சீட்டு ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படித்துப் பெயரை முகவரிப் புத்தகத்தில் சேர்க்கும். விழா நாள், நேரத்துக்கு 'எச்-காலண்டர்' என்று ஒன்றும் வந்தது.

பி.பி.சி. சொன்ன புகார்

சீட்டு ஒட்டுவதிலும் தவறு நேர்ந்தது.

லண்டன் பி.பி.சி. தன் நிகழ்ச்சிப் பக்கங்களில் எச்-காலண்டர் சீட்டை ஒட்டியது. கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தை உரக்கப் படித்துச் சொல்லும் கருவி உண்டு. "இரவு 8 மணி" என்று படிக்க வேண்டிய இடத்தில், எந்திரத்துக்காக உள்ளே எழுதி வைத்த நீளமான எண் வரிசையை அந்தக் கருவி படித்துவிடும் நிலை இருந்தது. கேட்பவருக்கு என்ன புரியும்?

2008 ஜூனில் பி.பி.சி. அந்தச் சீட்டை எடுத்துவிட்டது. "முதலில் மனிதன்" என்று சொன்னவர்களுக்கு இது நல்ல பாடம். 2009-ல் அவர்கள் நாள், நேரம் குறிக்க வேறு வழி வகுத்தார்கள். புகார் சொல்ல இடம் இருந்தது, திருத்தவும் முடிந்தது.

கண்ணன் குடும்பப் பெயரா?

இன்னொரு தவறு நம்மைத் தொடுகிறது.

பெயரில் இரண்டு சொல் இருந்தால், முதல் சொல் ஆளின் பெயர், இரண்டாவது குடும்பப் பெயர் என்று எச்-கார்ட் விதி எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரர்களுக்கு அது சரி. நம் "மு. கண்ணன்" என்ன ஆவார்? ஆளின் பெயர் 'மு.' என்றும், குடும்பப் பெயர் 'கண்ணன்' என்றும் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்! சரி, "கண்ணன் மு." என்று திருப்பி எழுதினால்? இரண்டாவது சொல் ஒற்றை எழுத்தாக இருந்தால் முதல் சொல்தான் குடும்பப் பெயர் என்று இன்னொரு விதி. அப்போதும் கண்ணன் குடும்பப் பெயர்தான்!

யாரும் வஞ்சகமாக இதைச் செய்யவில்லை. சீட்டை எழுதியவர்கள் தங்கள் வீட்டு வழக்கத்தை எழுதினார்கள். நம் வழக்கம் அவர்கள் கணக்கில் வரவில்லை. பிறகு வந்த இரண்டாவது பதிப்பில் இந்த ஊகம் நீக்கப்பட்டது. முழுப் பெயரை ஒரே சீட்டில் எழுதலாம்.

கம்பெனிகள் வந்தன

2009 மே மாதம், 'கூகுள்' தேடல் கம்பெனி இந்தச் சீட்டுகளைப் படிக்கத் தொடங்கியது. சீட்டு ஒட்டிய பக்கங்களுக்குத் தேடல் முடிவில் நட்சத்திர மதிப்பும் சில விவரங்களும் சேர்த்துக் காட்டியது. எல்லாருக்கும் ஆசை வந்தது.

2011 ஜூனில் கூகுள், மைக்ரோசாப்டின் 'பிங்', 'யாஹூ' மூன்றும் சேர்ந்து 'ஸ்கீமா' என்ற பொதுப் பட்டியலை வெளியிட்டன. இன்று தேடலில் இடம் பிடிக்க விரும்பும் கடைகளும் பத்திரிகைகளும் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகின்றன. இதில் நன்மை உண்டு. ஒரே பட்டியல், குழப்பம் குறைவு. பட்டியல் பற்றிய விவாதமும் வெளிப்படையாக நடக்கிறது.

ஆனால், சீட்டு ஒட்டினால் என்ன கிடைக்கும் என்பது கம்பெனியின் கையில் இருக்கிறது. கேள்வி-பதில் சீட்டு ஒட்டிய பக்கங்களுக்குக் கூகுள் தேடலில் தனி இடம் கொடுத்து வந்தது. 2023 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வந்தது. பேர்பெற்ற அரசாங்க, சுகாதாரத் தளங்களுக்கு மட்டுமே இனி அந்த இடம் என்றது. மற்றவர்கள் உழைத்து ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. தேடலில் கிடைத்த தனி இடம் போய்விட்டது.

இரண்டு எழுத்துச் சொல்

சின்னத் திட்டம் அழிந்துவிட்டதா? இல்லை.

டான்டெக் செலிக், எரிக் மேயர், மாட் முல்லன்வெக் மூவரும் 2003-ல் உறவைக் குறிக்கும் சீட்டுகள் சிலவற்றை உண்டாக்கினார்கள். நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், பெற்றோர், உடன்பிறந்தவர் என்று போகும் அந்தப் பட்டியல். (அண்ணனா, தம்பியா என்று சொல்ல அதிலும் இடமில்லை!) கடைசியில் 'மி' என்று ஒரு சீட்டு. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. "அதுவும் நான்தான்" என்பது பொருள்.

2022 நவம்பரில் 'டிவிட்டர்' கம்பெனி, பெயருக்குப் பக்கத்தில் போடும் நீல நிற 'டிக்' அடையாளத்தை மாதம் 8 டாலருக்கு விற்றது. உடனே பிரபலமானவர்கள் பெயரில் போலிகள் கிளம்பின.

'மாஸ்டடான்' என்ற சமூக வலைத்தளம் 'மி' சீட்டைப் பயன்படுத்துகிறது. உங்கள் மாஸ்டடான் கணக்கில் உங்கள் சொந்த இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து கணக்குக்கு 'மி' சீட்டுடன் ஒரு வழி போட வேண்டும். இரண்டும் பொருந்தினால் பச்சை அடையாளம் கிடைக்கும். அந்தப் பக்கமும் இந்தக் கணக்கும் ஒருவருடையதே என்பது அதிலிருந்து தெரியும். காசு வேண்டாம், கம்பெனியின் தயவும் வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

"ஏ.ஐ. வந்துவிட்டதே! சீட்டு இல்லாமலே அது படித்துக்கொள்ளுமே!" என்று சிலர் கேட்கலாம். அது ஊகித்துச் சொல்கிறது. ஊகம் சரியாகவும் இருக்கும், தவறாகவும் இருக்கும். கண்ணன் ஆளா, குடும்பமா என்பதைக் கண்ணன்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் பள்ளியிலோ கல்லூரியிலோ இணையப் பக்கம் தயாரிக்கக் கற்றால், இந்தச் சீட்டுகளையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பொழுதில் கற்றுவிடலாம். நம் பெயரும் உறவும் அதில் பொருந்தவில்லை என்றால், சும்மா இருக்க வேண்டாம். விதி எழுதும் இடத்தில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். பி.பி.சி. எடுத்துக் காட்டிய குறை திருத்தப்பட்டது. நாம் சொல்லாத குறை யாருக்குத் தெரியும்?