வலையும் உபவலையும்

கடையநல்லூருக்குக் கடிதம் விடுப்போர் விலாசத்தின் ஈற்றில் 627751 என்று எழுதுகின்றனர். 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி நமது தேசத்தில் அமலுக்கு வந்த பின்கோடு முறை இது. டில்லியில் கடிதம் பிரிப்பவர் கடையநல்லூர் எத்திக்கிலுள்ளதென்று அறிய வேண்டுவதில்லை. முதலிலுள்ள 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். 627 திருநெல்வேலிப் பகுதியைக் காட்டும். எஞ்சிய மூன்று இலக்கங்களே ஊர்த் தபாலாபீஸைச் சுட்டும். 2019-ஆம் வருஷம் நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவாகிக் கடையநல்லூரும் அதனுட் சேர்ந்தது. எனினும் 627 மாறவில்லை. அரசாங்கத்தார் எல்லை வேறு, தபாற்காரர் எல்லை வேறு போலும்!

கணிப்பொறி வலையின் விலாசமும் இத்தன்மைத்தே. வழக்கிலுள்ள பழைய முறையில் அது பூச்சியமும் ஒன்றுமாகிய 32 இலக்கங்கள் கொண்டது. முன்னிலக்கங்கள் வலையையும், பின்னிலக்கங்கள் அதிலுள்ள கருவியையும் உணர்த்தும். பின்னிலக்கங்களிற் சிலவற்றைக் கடன் வாங்கி ஒரு வலையைப் பல உபவலைகளாக்கும் முறை 1985-இல் விதியாக வகுக்கப்பட்டது; இதனையே ‘சப்நெட்’ என்பர். 256 விலாசங்களில் இரண்டு இலக்கம் கடன் கொள்ளின், 64 வீதம் நான்கு பகுதிகளாம். ஒவ்வொன்றிலும் முதலும் கடைசியும் நீங்க, 62 கருவிகளுக்கு இடமுண்டு.

சிறிய கலாசாலைக்கு ஒரே வலை போதாதோ என்பாருளர். நாம் உடன்படோம். பகுக்கப்படாத வலையில் ஒரு கருவி “இவ்விலாசம் யாருடையது?” என்று கூவினால் எல்லாக் கருவிகளும் செவிசாய்க்க வேண்டும். அவ்விரைச்சல் சிறு தீங்கே. விடுதி மாணாக்கர் ஒருவரது கருவியிற் புகுந்த நச்சு நிரல், மதிப்பெண்ணும் சம்பளக் கணக்கும் காக்கும் பொறியை இடையில் ஒரு வாயிலுமின்றி அணுகக்கூடுமே, அதுவன்றோ பெருந்தீங்கு? பகுத்த வலையில் ஒரு பகுதியினின்று மற்றொன்றுக்குச் செல்வது ரௌட்டர் வழியாகவே. அங்கே காவல் வைக்கலாம்.

ஆயினும் எண்ணைப் பகுத்த மாத்திரத்தில் காவல் அமைந்துவிடாது. யார் எங்கே செல்லலாமென்ற விதியை எழுதாவிடில் ரௌட்டர் அனைவருக்கும் கதவு திறக்கும். ஸ்விட்சையும் ‘வி-லேன்’ முறையாற் பிரியாது விட்டால், மாணாக்கன் தன் கருவியின் எண்ணை மாற்றிக்கொண்டு அக்கணமே அலுவலகத்தாருடன் கலந்துவிடுவான்.

தொழிலை நோக்கிப் பகுத்தல் வேண்டும், அந்தஸ்தை நோக்கியன்று. துறைத் தலைவருக்கொரு வலை என்பது வீண். பகுதிகள் சமமாயிருக்கவும் வேண்டுவதில்லை: விடுதிக்கு 128, ஆய்வுக்கூடத்துக்கு 64, அலுவலகத்துக்கு 32 என்றாலும் குற்றமில்லை. விடுதியோ அதனினும் மிக வேண்டும்; இக்காலத்தில் ஒவ்வொருவரும் இரண்டு கருவிகளுடன் வருகின்றனர். 10 என்று தொடங்கும் 1,67,77,216 விலாசங்கள் இத்தகைய அகவலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்க, உலோபம் எதற்கு?

அதிகாரிகள் இவ்வேலையைக் கோடை விடுமுறையிற் செய்விப்பாராக. பரீட்சைக் காலத்தில் விலாசங்களை மாற்றினால் வினாத்தாள் அச்சிடும் இயந்திரங்களே முதலில் மௌனமாகும்.