மலைக்கு வந்து போகும் கேமரா

2021இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தருமபுரி மாவட்டம் வத்தல்மலைக்குச் சென்று பழங்குடி மக்களைச் சந்தித்தார். அவரோடு கேமராக்களும் மலையேறின. அவர் இறங்கியபோது அவையும் இறங்கின. ஒடுக்கப்பட்டோரின் வாழ்வு ஆட்சியாளர் வருகையின்போதோ, வன்முறையின்போதோ மட்டுமே படமாகிறது. இந்த வழக்கத்தை மறுத்தவர் என்பதாலேயே ஒளிப்படக் கலைஞர் எம்.பழனிக்குமாரின் பணி அரசியல் முக்கியத்துவம் பெறுகிறது.

மதுரை வட்டாரத்தைச் சேர்ந்த பழனிக்குமார், மீன் விற்று வாழ்ந்த தாயின் மகன். திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் காகிதத்தில் மட்டுமே இருப்பதை அப்படம் அம்பலப்படுத்தியது. பல இடங்களில் அதன் திரையிடலுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது. படம் முடிந்த பின்னரும் அவர் அம்மக்களை விட்டு விலகவில்லை. மரண வீடுகளோடு, உழைக்கும் பெண்களின் அன்றாடத்தையும் பதிவு செய்தார். 2022இல் முதலாவது தயாநிதா சிங் - பாரி ஆவணப் ஒளிப்பட விருது அவருக்கு வழங்கப்பட்டது.

படம் மட்டும் நீதியைப் பெற்றுத் தருமா? தராது. கழிவுநீர்க் குழி மரணத்திற்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாயாக நிர்ணயித்தது; 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே தவிர மரணங்கள் நிற்கவில்லை. ஆயினும், "எங்களுக்குத் தெரியாது" என்று அரசும் சமூகமும் சொல்லும் வாய்ப்பைப் படம் பறித்துவிடுகிறது.

இதே தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி நமக்கு மற்றொரு பாடம். 1992 ஜூன் 20 அன்று தொடங்கிய கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அத்தனை ஆண்டுகளும் அவ்வழக்கைத் தாங்கி நின்றது பாதிக்கப்பட்ட பெண்களின் சாட்சியமே. சாட்சியத்தின் வலிமை, சொல்பவர் அங்கேயே நிலைத்திருப்பதில் உள்ளது. ஒளிப்படத்திற்கும் இது பொருந்தும்.

எனவே, இன்று எழுப்ப வேண்டிய கேள்வி, படம் எடுப்பவர் யார் என்பதே. விளிம்புநிலைக் குழந்தைகளுக்கு ஒளிப்படம் கற்பிப்பதன் வழியே பழனிக்குமார் அதற்கு விடை தேடுகிறார். வத்தல்மலையின் சாலையையும் பள்ளியையும் மருத்துவ வசதியையும் அம்மலையின் மாணவர்களே ஆண்டு முழுதும் படம் பிடிக்கட்டும். மலையைவிட்டு இறங்காத கேமராவிடம் எந்த ஆட்சியும் பொய் சொல்வது கடினம்.