கடையில் விற்கும் பசுமை!

விற்றவனே மீண்டும் விற்க வருகின்றான். வேப்பங்குச்சியையும் ஆலங்குச்சியையும் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று பழித்து நெகிழித் துலக்கியைக் கையில் திணித்த அதே வணிகம், இன்று மூங்கிற்பிடி பூட்டிய துலக்கியைக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைத்துக்கொண்டு, "இஃது இயற்கைக்கு உகந்தது" என்று கூவுகின்றது. பிடிதான் மூங்கில், அதன் தலையில் நட்டிருக்கும் மயிரோ பெரும்பாலும் நைலான். தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகிய அகப்பை பாட்டியின் அடுக்களையில் காசின்றிக் கிடந்தது. பேரனின் புதுமனை புகுவிழாவுக்கு அதே அகப்பை நெகிழித்தாள் போர்த்து, விலைச்சீட்டுத் தொங்கப் பரிசுப்பொருளாக வந்து சேர்கின்றது. ஓலைக் கொட்டானும் பீர்க்கங்கூடும் மண்சட்டியும் இப்படியே திரும்பி வருகின்றன. தான் எறிந்த பொருளையே புதுவிலைக்கு வாங்கி, 'பசுமை வாழ்வு' வாழ்வதாகத் தமிழ்க் குடும்பம் எண்ணி மகிழ்கின்றது. எறியச் சொன்னவனும் பொருளீட்டினான். வாங்கச் சொல்பவனும் பொருளீட்டுகின்றான்.

இது நகைத்துவிட்டுப் போகும் சிறுசெய்தியன்று. நிலத்திலும் நீரிலும் கிடந்த நெகிழி இன்று மாந்தக் குருதிக்குள்ளேயே புகுந்துவிட்டது. நெதர்லாந்து நாட்டு அறிவியலார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், குருதி கொடுத்தோர் 22 பேருள் 17 பேரின் குருதியில் நெகிழியின் நுண்துகள்கள் காணப்பெற்றன. இந்நிலையில், "எந்தப் பசுமைப் பொருளை வாங்கலாம்?" என்று கேட்கும் குடும்பம் கேள்வியையே பிழைபடக் கேட்கின்றது. எதனை வாங்காமல் விடலாம், வீட்டில் இருப்பதனை இன்னும் எத்துணை நாள் பயன்கொள்ளலாம் என்பதே கேட்கற்பாலது. முன்னைக் கேள்விக்கு விடைசொல்ல ஆயிரம் வணிகர் அணியமாக நிற்கின்றனர். பின்னைக் கேள்விக்கு விடைசொல்வதால் எவனுக்கும் ஊதியமில்லை. ஆகலின் அதனை எவனும் சொல்வதில்லை.

நெகிழி வந்த வரலாறு நெடியதன்று. பாலித்தீன் என்னும் பொருள் இங்கிலாந்து நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் 1933-இல் தற்செயலாகக் கிடைத்தது. கடைக்காரர் விரலிடுக்கில் மாட்டித் தருகின்ற கைப்பிடிப் பைக்குச் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 1965-இல் காப்புரிமை பெற்றது. ஏறத்தாழ அறுபதாண்டு அகவையே உடைய ஒரு பை, ஓலையும் நாரும் இலையும் துணியும் கொண்டு பொதிந்து வாழ்ந்த ஓரினத்தின் கைப்பழக்கத்தை ஒரே தலைமுறையில் துடைத்தெறிந்துவிட்டது.

அயலவன்மேல் மட்டும் பழிபோட்டுத் தப்பவும் இயலாது. ஒரு தலைமுழுக்குக்கு மட்டும் ஆகும் நுரைக்குழம்பைச் சிறுபொதியில் அடைத்து ஊரூராய் விற்கும் வணிகம் இந்தியா முழுதும் பரவக் கரணியமாய் இருந்தோருள் தலையாயவர் கடலூரைச் சேர்ந்த தமிழரே. ஏழையும் வாங்கட்டும் என்னும் நோக்கில் குறைகாண்பதற்கில்லை. ஆனால், பல படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யப்பெறும் அச்சிறுபொதியைப் பிரித்துருக்கி மீண்டும் பயன்கொள்வது மிக அரிது. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகூட அதனைக் குனிந்தெடுப்பதில்லை. எடைக்குப் போட்டால் விலைபோகாதே! வாய்க்காலில் வீழ்ந்தது வாய்க்காலிலேயே கிடக்கின்றது.

இனிப் பையைப் பார்ப்போம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப்பொருள்கள் 14 வகைக்குத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைவிதித்தது. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் பெயரில் ஓரியக்கத்தையும் தொடங்கியது. 'மீண்டும்' என்னும் அச்சொல்லுக்குள் ஒரு வெட்கக்கதை அடங்கியுள்ளது. மஞ்சட்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறியவனைப் பட்டிக்காட்டான் என்று நகையாடியவன் வெள்ளைக்காரன் அல்லன். நாலெழுத்துப் படித்த தமிழனே. திரைப்படத்தில் கோமாளியின் கையில் அப்பையைக் கொடுத்து அரங்கம் அதிரச் சிரித்தவனும் அவனே. அந்த நகைப்புக்கு அஞ்சித்தான் சிற்றூரான் பையை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையனாய்க் கடைக்குப் போகக் கற்றுக்கொண்டான். அரசாணை நெகிழிப்பையைத் தடுக்கலாம்; அந்த நாணத்தைப் போக்க அதனால் ஒல்லுமோ?

தடையையும் ஏமாற்றும் பை ஒன்று உண்டு. துணிக்கடைகளிலும் இனிப்புக் கடைகளிலும் கொடுக்கப்பெறும் அது பார்வைக்குத் துணியே. உற்று நோக்கினால் ஊடும் பாவும் இரா. புள்ளி புள்ளியாய் அழுத்தப்பெற்ற தடமே தெரியும். அது நெய்த துணியன்று. பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழியின் இழைகளை வெப்பத்தால் ஒட்டிய தாள். தமிழ்நாட்டின் தடைப்பட்டியலில் அதுவும் உண்டு. ஐயமுற்றால் ஓர் இணுக்கை வெட்டித் தீயிற் காட்டுக. பருத்தியாயின் எரிந்து சாம்பலாகும். இதுவோ உருகிச் சொட்டி உறைந்து கட்டியாகும்.

உண்மைப் பருத்திப்பையாயினும் அதனை வாங்கிக் குவிப்பது பசுமையாகாது. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் ஆற்றல் வேண்டும். மெல்லிய நெகிழிப்பை ஒன்றை ஒருமுறை பயன்படுத்தி எறிவதால் உலக வெப்பத்துக்கு நேரும் கேட்டினும் குறைவான கேட்டோடு ஒரு பருத்திப்பை அமைய வேண்டுமாயின், அதனை 131 முறையேனும் பயன்படுத்தல் வேண்டும் என்று இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. கிழமைக்கு ஒருமுறை கடைக்குச் செல்பவனுக்கு இஃது இரண்டரை ஆண்டு வேலை. ஆனால் ஒவ்வொரு திருமணத்திலும் வெற்றிலைபாக்கோடு ஒரு பை தரப்படுகின்றது. வீட்டுக்கு இருபது முப்பது பைகள் கதவின்பின் ஆணியில் மூச்சுமுட்டத் தொங்குகின்றன, அவற்றின் உரிமையாளனோ கடையில் நின்று, "பை இருக்கின்றதா?" என்று வினவுகின்றான். அவனுக்கு வேண்டுவது முப்பத்தோராம் பையன்று. வெளியே புறப்படுமுன் ஆணியின் பக்கம் கைநீட்டும் பழக்கமே.

திருமணம் என்றவுடன் விருந்து நினைவுக்கு வருகின்றது. திருச்சியிலும் தேனியிலும் தூத்துக்குடியிலும் வாழை விளைய, வாழையிலை போலவே பச்சை வண்ணமும் நரம்புக்கோடும் அச்சிட்டு நெகிழி பூசிய தாளை விரித்துச் சோறு படைக்கும் இழிவை என்னென்பது! சுடுசோறு விழுந்தவுடன் நறுமணம் எழுப்பும் இலை எங்கே, நிறம் பூசிய தாள் எங்கே? உண்டபின் வாழையிலையை மாடு தின்னும், எருக்குழி ஏற்கும். தாளிலையைத் தின்ற மாட்டின் வயிற்றில் நெகிழி சேரும். அவ்விலைக்கு வலப்புறம் கைப்பிடியளவு நீர்ப்புட்டி ஒன்றையும் ஆளுக்கொன்றாக வைக்கின்றனர். இரண்டு மிடறு பருகிவிட்டு எழுந்து போகின்றனர். எஞ்சிய நீரும் குப்பை, புட்டியும் குப்பை. செம்பில் நீர்மொண்டு இலைதோறும் குனிந்து ஊற்றிய இளைஞரின் பணிவும் அதனோடு போயிற்று. தலைவாழையிலை போட்டு விருந்தோம்பினோம் என்று பெருமை பேசுவோர், நீருக்கு மட்டும் ஏன் புட்டியை நாடல் வேண்டும்?

துலக்கலும் வெளுத்தலும் பற்றிப் பேசுமிடத்து ஒன்றை ஒளிக்காமற் சொல்லல் வேண்டும். "பழைய முறைக்குத் திரும்புக" என்று மேடையேறி முழங்குவோர் பெரும்பாலும் ஆடவர். சீயக்காயை வெயிலில் உலர்த்தியவள் எவள், சாம்பலும் புளியும் இட்டுப் பித்தளைக்குடத்தைத் தோள் நோகத் தேய்த்தவள் எவள், ஆற்றங்கரைக்கு அழுக்குமூட்டை சுமந்தவள் எவள் என்பதனை அவர் எண்ணுவதில்லை. அவ்வுழைப்பினின்று விடுதலை தருவதாகச் சொல்லித்தான் தூள்களும் நுரைகளும் வீட்டுக்குள் நுழைந்தன. அக்கூற்றில் உண்மையும் இருந்தது. விறகடுப்பின் புகையாற் கண்ணெரிந்த தாய்மார்க்கு எரிவளி அடுப்பு நன்மையே செய்தது. அதனை இகழ்வோன் ஒருநாள் அடுப்பூதிப் பார்க்கட்டும். ஆகவே பெண்டிர் முதுகில் பழஞ்சுமையை மீண்டும் ஏற்றிவிட்டு அதற்குப் பசுமை என்று பெயரிடுவது கயமை. பாதி வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாத ஆடவனுக்கு இப்பொருள் பற்றி வாய்திறக்க உரிமையில்லை.

பங்கிட்டுச் செய்தால் வேலை பெரிதன்று. சீயக்காயோடு வெந்தயமும் பயத்தம்பயறும் கூட்டி அரைவைக்கூடத்திற் கொடுத்தால் ஒரு முற்பகலில் பல திங்களுக்கான தூள் அணியமாகும். உசிலமரத்து இலையை இடித்த அரப்புத் தூளைக் கொங்குநாட்டார் இன்றும் தலைக்குத் தேய்க்கின்றனர். பூந்திக்கொட்டையை இரவில் ஊறவைத்துக் காலையிற் பிசைந்தால் வரும் நுரை பட்டாடைக்கும் நகைக்கும் போதுமானது. ஏனங்கழுவத் தேங்காய்நாரும் முற்றிய பீர்க்கின் கூடும் இருக்க, தேயத்தேய நெகிழித்துகளைக் கழிநீரில் உதிர்க்கும் தேய்ப்பான் எதற்கு?

அடுக்களைக் கழிவின் கதை இன்னும் கொடியது. நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி காய்கறித்தோலும் எஞ்சிய சோறுமே. மக்குவதும் மக்காததும் தீங்குதருவதும் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே வேறுவேறாகப் பிரித்துத் தரல் வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு விதிகள் வரையறுத்தன. எத்தனை வீடுகள் செய்தன? எல்லாவற்றையும் ஒரே பையிற் கட்டி வாயிலில் எறிவதே வழக்கமாயிற்று. சென்னைப் பெருங்குடியில், பறவைகள் வந்திறங்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மேல், அவ்வெறிந்த பைகளே பல்லாண்டுகளாக மலையாய்க் குவிந்தன. காற்றுப்புகாமல் அழுகும் உணவுக்கழிவு மீத்தேன் என்னும் வளியைக் கக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவளியினும் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது. 2022 ஏப்பிரல் இறுதியில் அக்குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கிற் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை உலகளாவிய சிறப்புடைய ஈரநிலமாக இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் போற்றும் நிலத்தில் ஊரார் எச்சிலைக் கொட்டிய பெருமை தமிழர்க்கு உண்டு! துளையிட்ட மண்தொட்டி ஒன்றில் ஓரடுக்குக் கழிவும் ஓரடுக்குச் சருகுமாக இட்டு, சிறிது புளித்த மோர் தெளித்துக் கிளறி வந்தால் இரண்டு மூன்று திங்களில் எருவாகிவிடும். நாற்றம் வருமே என்பர். சருகு குறைந்தால்தான் நாறும்.

'மக்கும் நெகிழி' என்னும் புதுச்சரக்கையும் நம்பிவிடலாகாது. அவற்றுட் பெரும்பாலன, ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தைப் பலநாள் நிலையாக வைத்திருக்கும் எருவாலைகளில் மட்டுமே மக்கக்கூடியன. கொல்லையிற் புதைத்தாலோ கடலில் வீழ்ந்தாலோ நெடுங்காலம் அவையும் நெகிழிபோலவே கிடக்கும். மக்கும் என்ற சொல்லை நம்பி மனச்சான்று உறங்கிவிடுவதே அதனாற் கிடைக்கும் பயன்.

குடிநீரும் இவ்வாறே. ஒரு குடம் தூயநீர் தர இரண்டு மூன்று குடங்களைக் கழிவாய்த் தள்ளும் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு, அக்கழிநீரை ஒரு வாளியிற் பிடித்துத் தரைதுடைக்கக்கூட மனமின்றிச் சாக்கடைக்கு விடுகின்றனர். 2019 கோடையிற் சென்னைக்கு நீர்தந்த ஏரிகள் வறண்டு, குடங்களோடு தெருவில் நின்றது அதற்குள் மறந்தாயிற்றா?

வீட்டார் திருந்தினால் மட்டும் போதாது என்பதும் உண்மையே. பூக்காரியின் மெல்லிய பையைப் பிடுங்கித் தண்டம் விதிக்கும் கை, ஆலையிலேயே நெகிழியில் அடைத்து வரும் நொறுவைப் பொட்டலங்கள் கடைதோறும் சரஞ்சரமாய்த் தொங்கும்போது நீளக் காணோம். வாழையிலையில் வைத்து நாரினாற் கட்டித் தந்த பூக்காரிக்கு நெகிழிப்பையைப் பழக்கியது எவன்? கூலிப்பணத்தில் நாள்தோறும் சிறுபொதி வாங்குபவளையும் குறைகூற இயலாது. பெரும்புட்டி வாங்க அவளிடம் முதல் இல்லை. எண்ணெயையும் தூளையும் அவள் கொண்டுவரும் ஏனத்தில் அளந்தூற்றும் கடை முன்பு தெருவுக்குத் தெரு இருந்தது. அதனை மீண்டும் திறக்கச் செய்வதும், சிறுபொதியை ஆக்கியவனே திரும்பப் பெறுமாறு நெருக்குவதும் அரசின் கடன். அதனை விடாது கேட்பது மக்கள் கடன்.

ஆனால் கேட்போரின் மேடை எவ்வாறு இருக்கின்றது? தமிழ் மாநாடுகளின் நுழைவாயிலில் முப்பதடி உயர நெகிழித்தட்டி. பேச்சாளர்முன் நெகிழிப்புட்டி. கலைந்தபின் திடல் முழுதும் நெகிழி பூசிய தேநீர்க்குவளை. விழா முடிந்த மறுநாள் அத்தட்டி கிழிந்து குடிசைக்கூரையின்மேல் ஏறுகின்றது. பின்பு போகிநாளில் எரிந்து நச்சுப்புகையாகின்றது. துணியில் எழுதிய தட்டியாயின் ஆண்டையும் இடத்தையும் மட்டும் மாற்றியெழுதிப் பத்து மாநாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அழகிய தமிழெழுத்தைத் தூரிகையால் எழுதவல்ல ஓவியர், நெகிழித்தட்டி அச்சு வந்தபின் தொழிலிழந்து ஊர்தோறும் இருக்கின்றனர். அடுத்த மாநாட்டின் வரவேற்புக்குழுவினர் அச்சகத்துக்குப் போகுமுன் அவர்தம் வீட்டுக்கதவைத் தட்டட்டும்.