துண்டுக்குள் ஐந்து விரல்

இந்த வாரம் என்னை அவமானப்படுத்தியது ஒரு தண்ணீர்க் குழாய்.

அலுவலகக் கழிவறையைப் புதுப்பித்து, கையைக் காட்டினால் தண்ணீர் கொட்டும் குழாய்களை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு கையிலும் சோப்பு நுரையோடு போய் நின்றேன். காட்டினேன், வரவில்லை. பக்கவாட்டில் காட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அது அசந்த நேரமாகப் பார்த்துச் சட்டென்று நீட்டினேன். ம்ஹூம். பக்கத்துக் குழாய்க்கு நகர்ந்தேன். உடனே தண்ணீர் வந்தது, நான் விட்டுவந்த குழாயில். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா வாசலில் நின்று இவ்வளவையும் பார்த்திருக்கிறார். “ஆட்டாதீங்க சார். கையை வச்சிட்டு சும்மா நில்லுங்க, அதுவா வரும்” என்றார். வந்தது.

நம் அன்றாட வாழ்க்கைக்கு வந்துசேர்ந்த கையசைவுத் தொழில்நுட்பம் இவ்வளவுதானா என்று நொந்துபோனேன். கணினியை மவுஸ் இல்லாமல் வெறும் கையசைவாலேயே ஆட்டிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஸ்பீல்பெர்க்கின் ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ படத்தில் டாம் குரூஸ் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடித் திரை முன் நின்று, படங்களைக் காற்றிலேயே இழுப்பார், தள்ளுவார், ஓரங்கட்டுவார். அந்த அசைவுகளை எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து வந்த ஜான் அண்டர்காஃப்ளர் ஒரு பாஷை மாதிரி யோசித்து அமைத்துக் கொடுத்தார். படம் வந்தது 2002இல். கதை நடப்பது 2054இல். எனக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

எனக்குத் தேவையும் பெரிதல்ல. நான் எழுதிய பத்திகளைப் புத்தகமாகத் தொகுக்கிறேன். எல்லாவற்றையும் அறைக்குள் அந்தரத்தில் தொங்கவிட்டு, நடுவில் நின்று, இது முதலில், அது அப்புறம், இது வேண்டவே வேண்டாம் என்று கையால் விலக்க வேண்டும். நடப்பில் என்ன செய்கிறேன்? அச்செடுத்து ஹால் தரையில் பரப்பி, உளுந்து டப்பா, துவரை டப்பா என்று ஒவ்வொன்றின்மேலும் பாரம் வைத்திருக்கிறேன். மின்விசிறி போட வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை. சாம்பாருக்குப் பருப்பு எடுத்தால் ஓர் அத்தியாயம் பறந்துவிடும்.

இதற்காக முயலாமலும் இல்லை உலகம். மைக்ரோசாஃப்ட் 2010இல் கையசைவைப் படிக்கும் கினெக்ட் கருவியைக் கொண்டுவந்தது, 2017இல் உற்பத்தியை நிறுத்தியது. அடுத்து, தலையில் மாட்டிக்கொள்ளும் ஹோலோலென்ஸ், 2024இல் அதுவும் நின்றது. இதிலுள்ள சிக்கல் புரிய என்ஜினீயர் ஆக வேண்டாம். ஒட்டடை அடித்தவர்களைக் கேளுங்கள், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேலை பார்க்க முடியும் என்று சொல்வார்கள். கணினிக்காரர்கள் இந்த வலிக்குக் ‘கொரில்லாக் கை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த ஆசையை முதலில் ஊட்டியது ஸ்பீல்பெர்க் அல்ல, எழுத்தாளர் சுஜாதா. அவருடைய ‘என் இனிய இயந்திரா’ நாவல் விகடனில் தொடராக வந்தபோது எங்கள் வீட்டில் அதற்கு அடிதடி. எல்லோருக்கும் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பிடித்தது. புத்தகம் படிக்கும், எதிர்த்துப் பேசும். எனக்கு மட்டும் ஜீவா. (கதை தெரியாதவர்கள் அடுத்த பாராவுக்குத் தாண்டிவிடவும்.) நாட்டையே ஆட்டிவைக்கும் தலைவர் ஜீவாவுக்கு உடம்பே கிடையாது, ஆள் வெறும் ஹோலோகிராம் என்று தெரிந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளிச்சம் வெறும் காற்றில் தானாக நின்றுவிடாது, பட்டுத் திரும்ப ஏதாவது வேண்டும் என்பதெல்லாம் பின்னால் படித்தது.

இதே சுஜாதா பகலில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உட்கார்ந்து எதை உருவாக்குவதில் பங்கெடுத்தார்? வாக்குப்பதிவு இயந்திரம். அழுத்த ஒரு பொத்தான், எரிய ஒரு சிவப்பு விளக்கு, ‘பீப்’ என்று ஒரு சத்தம். எழுத்தறியாத பாட்டிக்கும் தன் ஓட்டு விழுந்தது தெரிந்துவிடும். காற்றில் கையை ஆட்டும் சமாச்சாரம் எதுவும் அதில் இல்லை.

கை ஒன்றைத் தொட்டால் அதுவும் திருப்பித் தொட வேண்டும். அந்தக் குழாயிடம் நான் எதிர்பார்த்தது அதைத்தான் என்று தோன்றியதும், அந்தியூர் ஞாபகம் வந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆடி மாதம், குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழா, மாட்டுச் சந்தை. அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஒரு ஜோடி எருதை விற்க வந்திருந்தார். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்து அப்பிச்சியின் கைமேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டார். அப்புறம் இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். முகத்தில் ஒன்றுமே இல்லை. துண்டு மட்டும் உள்ளே எலி புகுந்ததுபோல் நெளிந்தது. எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, விலையும் அத்தனை. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். தரகர் மூன்று விரலைப் பற்றினால் அப்பிச்சி உதறுவார். உதறலிலும் தினுசு உண்டு. வெடுக்கென்று உதறினால் ‘நடையைக் கட்டு’. மெதுவாக நழுவவிட்டால் ‘இன்னும் கொஞ்சம் ஏறி வா’. தரகர் துண்டோடு வாங்குபவரிடம் போவார், அங்கேயும் மழைப் பேச்சு, திரும்பி வருவார். சுற்றிலும் கூட்டம், ஒருவருக்கும் விலை தெரியாது. கடைசியில் தரகர் அப்பிச்சியின் கையை மொத்தமாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். கயிறு கை மாறியது.

“ஏனுங்க அப்பிச்சி, வாயிலயே சொல்லியிருக்கலாமுங்களே?” என்று கேட்டேன்.

“வாயில சொன்னா ஊருக்கே தெரிஞ்சுருமே கண்ணு. இதுன்னா அவன் கை நடுங்குறதும் எனக்குத் தெரியும்.”

எருதுகள் என்ன விலைக்குப் போயின என்பதை வீடு திரும்பும்வரை நச்சரித்துப் பார்த்தேன். அம்மாயி கேட்டும் சொல்லவில்லை.