நிரம்பினால் பூஜ்ஜியம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் மனக்கணக்குப் போட நேரம் தாராளமாகக் கிடைக்கும். நெல் ஏற்றிய சரக்கு ரயிலில் 2,000 டன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ சிப்பமாக 50,000. தினம் ஒரு ரயில் போனாலும் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 சிப்பத்தை அனுப்பி முடிக்க 235 வருஷம் பிடிக்கும்.

சும்மா பிடித்த எண் அல்ல இது. 32 பிட் எண்ணியில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், இந்த இடத்தில் சத்தமில்லாமல் மறுபடி பூஜ்ஜியம் வந்துவிடும்.

2016 ஜனவரியில் பெர்செப்ஷன் பாயின்ட் என்ற இஸ்ரேல் நிறுவனம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் வெளிப்படுத்திய ஓட்டை இதுதான். ரகசியச் சாவிகளை வைத்துக்கொள்ள ஒரு கொத்து. அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு எண்ணி. ஏற்கெனவே கையில் இருக்கும் அதே கொத்தை ஒரு நிரல் திரும்பக் கேட்டால், கெர்னல் ஒன்றைக் கூட்டும், கழிக்க மறந்துவிடும். இப்படி 429 கோடி தடவை கேட்டால் எண்ணி பூஜ்ஜியம். அந்த ஆராய்ச்சியாளர்களின் கணினிக்கு ஏறக்குறைய அரை மணி நேரம்தான் ஆனது.

சிப்பம் எண்ணும் பட்டியல் எழுத்தரின் கணக்கு திடீரென்று பூஜ்ஜியம் காட்டினால்? கிடங்கு காலி என்று நினைத்து இன்னொருவருக்கு விட்டுவிடுவார். உள்ளே மூட்டை அப்படியே இருக்கும். கெர்னலும் அந்த நினைவிடத்தை விடுவித்தது. தாக்குபவர் அங்கே தன் சரக்கை அடுக்கிவைத்து, சாதாரணப் பயனர் நிலையிலிருந்து கணினிக்கே எஜமானர் ஆகலாம்.

தமிழ்நாட்டு அரசு 2011-லிருந்து கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிழை நுழைந்தது 2013-ல் வந்த 3.8 கெர்னலில். ஆக, முதலில் கொடுத்த கணினிகளைப் புதுப்பிக்காமலே வைத்திருந்தவர்கள் இதில் தப்பினார்கள்! சோம்பேறிகள் சந்தோஷப்பட வேண்டாம். பழைய கெர்னலுக்கு வேறு ஓட்டைகள் உண்டு.

கழிக்க மறந்த இடத்தைத் திருத்த ஒரே வரி போதும். எனக்குப் பிடித்தது 2017-ல், 4.11 கெர்னலில் வந்த புதுவகை எண்ணி. உச்சத்தைத் தொட்டால் அங்கேயே முரண்டுபிடித்து நின்றுவிடும். அந்த நினைவிடம் வீணாகும், ஆனால் யார் கைக்கும் போகாது. பாக்ஸ் என்ற பாதுகாப்புக் குழு இதைப் பல வருஷம் முன்பே செய்துவைத்திருந்தது. வேகம் குறையும் என்று கெர்னல்காரர்களில் சிலர் முனகினார்கள். கொஞ்சம் மெதுவாக ஓடட்டுமே, என்ன குடிமுழுகிவிடும்?

ஆனால் எண்ணி அல்லாத இடத்தில் இந்தக் காவல் உதவாது. 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் காட்டியது அப்படி ஒன்று. கோப்புறைக்குள் கோப்புறையாகப் பத்து லட்சம் அடுக்கினால் பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டும். அதை எழுத கெர்னல் ஒதுக்கும் இடம் 2 ஜிபி ஆகும்போது, அந்த அளவு வேறுவகை எண்ணாக மாறி மைனஸில் போய்விழுகிறது. எழுத்து, ஒதுக்கிய இடத்துக்கு வெளியே பதிகிறது. 2014-லிருந்து அங்கேயே இருந்த பிழை. இப்போது ஏறத்தாழ 2 ஜிபிக்கு மேல் கேட்டால் இடமே தருவதில்லை.