நெல்தாள் இருக்க எழுதுதாளுக்குப் பஞ்சமா?

தாள் தனித்தமிழ்ச் சொல். நெல், கேழ்வரகு ஆகியவற்றின் அடி தாள். கரும்பின் அடி கழி. இந்நுண்மையை எடுத்துக்காட்டித் தமிழின் சொல்வளத்தை நிறுவியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். நாம் எழுதும் ஏடும் தாளே. அவ்வாறிருக்கப் பாரசீகத்து வழிவந்த 'காகித'த்தைத் தமிழன் சுமப்பானேன்?

பெயர் மட்டுமன்று, பொருளும் நம்முடையதே. வெள்ளாறும் வீராணமும் வளமூட்டும் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நெல்தாளும் உண்டு, அங்குள்ள எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சருக்கரை ஆலை அரைக்கும் கரும்பின் சக்கையும் உண்டு. இரண்டும் எழுதுதாளுக்கு முதற்பொருள்கள். 1979இல் தமிழ்நாட்டரசு நிறுவிய புகழூர்த் தாளாலை, கரும்புச் சக்கையையே முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது.

நெல்தாளின் வரலாறோ கடலுக்கு அப்பால், ஈழத்து வாழைச்சேனையில் கிடக்கிறது. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த கணபதி காங்கேசர் பொன்னம்பலத்தின் முயற்சியோடு தமிழர் மறவாது போற்றும் ஆலைகள் மூன்று: காங்கேசன்துறைச் சிமெந்து ஆலை, பரந்தன் வேதிப்பொருள் ஆலை, வாழைச்சேனைத் தாளாலை. வயலில் எஞ்சிய வைக்கோல் வாழைச்சேனையில் கூழாகி வெண்தாளாயிற்று. வைக்கோலைக் கூழாக்க வேண்டும் கடுங்காரம், ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் ஆக்கப்பட்டது. உப்பும் வைக்கோலும் கூடி ஏடாகிய அருமை அது!

அவ்வருமை என்னாயிற்று? 1977இன் திறந்த பொருளியற் கொள்கை அயல்நாட்டுத் தாளுக்கு வாயிலை அகலத் திறந்தது. பின்வந்த போரில் பரந்தன் அழிந்தது. 1990இல் காங்கேசன்துறை ஓய்ந்தது. வாழைச்சேனை நலிந்து நின்று, பொறிகள் துருவேறின. பின்னாளில் மீளத் திறக்கும் முயற்சிகள் நடந்தும் பழைய ஆக்கம் திரும்பவில்லை.

கேட்பாரற்றுக் கிடந்த ஆலை 2022இல் பழிவாங்கியது. அயற்செலாவணி வற்றியதும் இலங்கையில் தாள் இறக்குமதி முடங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் மேல் மாகாணப் பள்ளிகள் வினாத்தாள் அச்சிட வழியின்றித் தேர்வைத் தள்ளிவைத்தன. நாளிதழ் இரண்டு காரிக்கிழமை அச்சை நிறுத்தின. வைக்கோல் மலிந்த தீவில் வினாத்தாளுக்குப் பஞ்சம்!

'இழப்பில் இயங்கும் ஆலையை மூடினால் என்ன?' என்பார் கணக்கர். ஓராண்டின் இழப்பை எண்ணத் தெரிந்த அவர்க்கு, ஒரு தலைமுறையின் கல்வி தடைப்படும் இழப்பை எண்ணத் தெரியாது. பிறன் தரும் தாளில் தன் மொழியை எழுதும் இனம், பிறன் கைமூடும் நாளில் ஊமையாகும்.

தமிழீர்! உங்கள் ஊர்களில் ஆலையொன்று நலியும்போதே குரல்கொடுங்கள். துருவேறிய பின் புலம்பிப் பயனில்லை. நெல்தாளை எரிக்காதீர். எழுதுதாளைத் தாளென்றே சொல்லுங்கள். சொல்லைக் காப்பதும் தொழிலைக் காப்பதும் ஒரே கடமையின் இரு கைகள்!